ஜிம்மி ஸ்பியர்ஸ்: ஒரே ஒரு கோலுக்காக மட்டும்தான் நினைக்க வேண்டுமா?

நடுக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டிகளைப் பற்றிய பழைய இழையில் 1911-ஐ எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அங்கே போய்ச் சண்டை போடுவதைவிடத் தனியாகத் திறப்பதே மேல் என்று தோன்றியது.

ஜிம்மி ஸ்பியர்ஸ் 1886 மார்ச் 22 அன்று கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் பிறந்தார். கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தொழிலால் வாழ்ந்த இடம் அது. உள்ளூர் அணிகளில் ஆடியவரை 1905-இல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப் எடுத்துக்கொண்டது. 1908-இல் கிளைடு அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் கிளைடு ஸ்காட்லாந்து லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த கிளப்பின் வரலாற்றில் அது சின்ன விஷயம் அல்ல. 1909-இல் எல்லை தாண்டி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு சிட்டி. 1911-இல் அந்த அணியின் கேப்டனாக, நியூகாசிலுக்கு எதிரான எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதிப் போட்டியில் ஒரே கோலை அடித்துக் கோப்பையையும் கையில் வாங்கினார். 1912 டிசம்பரில் லீட்ஸ் சிட்டி. 1915-இல், முதல் உலகப் போரின்போது, ராணுவம். 1917 ஆகஸ்ட் 20 அன்று பெல்ஜியத்தில், பாஷண்டேல் போர்க்களத்தில் இறந்தபோது அவருக்கு வயது 31.

இந்தக் கடைசி வரியும் அந்தக் கோலும் சேர்ந்து, நடுவில் இருந்த பத்தாண்டு ஆட்டத்தை விழுங்கிவிட்டன என்பதுதான் என் ஆதங்கம். அவரைப் பற்றிய கட்டுரை எதை எடுத்தாலும் கோல், போர், கல்லறை என்று மூன்றே பத்தி. ஒரு தொழில்முறை ஆட்டக்காரராக அவர் எப்படி? அதைப் பேசலாம் வாருங்கள்.

பழங்கணக்கு

நடுக்கோடு ஐயா, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மூன்று பத்தியில் எழுதுகிறார்கள் என்றால், நான்காவது பத்திக்குச் சரக்கு இல்லை என்பதாகவும் இருக்கலாம் அல்லவா?

ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடியது ஒரே ஆட்டம். 1908 மார்ச், டண்டீயின் டென்ஸ் பார்க்கில் வேல்ஸுக்கு எதிராக. ஸ்காட்லாந்து 2-1 என்று வென்றது. இரண்டு கோலில் ஒன்றுகூட ஸ்பியர்ஸுடையது அல்ல; பென்னட்டும் லென்னியும் அடித்தவை. அதன் பிறகு தேர்வாளர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரேஞ்சர்ஸ் அவரை விட்டது, கிளைடு ஒரே ஆண்டில் விட்டது, பிராட்ஃபோர்டும் கோப்பை வென்ற இருபது மாதத்துக்குள் விட்டது. அருமையான ஆட்டக்காரரை யாராவது இப்படிக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்களா?

அந்த 1911 நியூகாசில் அணியும் முழுப் பலத்தில் இல்லை. பீட்டர் மக்வில்லியம் காயம், ஆல்பர்ட் ஷெப்பர்டு காயம். முடமான யானையைச் சாய்த்ததற்கு இத்தனை மேளதாளமா?

இன்சைடு லெஃப்ட்

பழங்கணக்கு, ஒரே ஒரு முறைதான் நாட்டுக்காக ஆடினார் என்பதை இன்றைய தராசில் வைத்து நிறுக்கிறீர்கள். அன்று ஸ்காட்லாந்து ஆண்டுக்கு எத்தனை சர்வதேச ஆட்டம் ஆடியது? மூன்று. இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, அவ்வளவுதான். உலகக் கோப்பை கிடையாது, தகுதிச் சுற்று கிடையாது, நட்பு ஆட்டங்கள் கிடையாது. அந்த மூன்றிலும் முன்கள உள்ளிடத்துக்கு, அதாவது நடு முன்களக்காரருக்குப் பக்கத்தில் ஸ்பியர்ஸ் ஆடிய இடத்துக்கு, போட்டி போட்டவர்களைப் பாருங்கள். ஹார்ட்ஸின் பாபி வாக்கர் 1900 முதல் 1913 வரை 29 ஆட்டங்கள் ஆடினார். அன்றைக்கு அது மலைபோன்ற எண்ணிக்கை. செல்டிக்கில் ஜிம்மி மக்மெனமி. இவர்கள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது ஒரு முறை உள்ளே நுழைந்ததே பெரிது.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்து கிளப்புகளில் ஆடப்போனவர்களை ஸ்காட்லாந்தில் ‘ஆங்கிலோ’க்கள் என்பார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சம் கசப்பும் உண்டு. 1896 வரை அவர்களைத் தேசிய அணியில் சேர்த்ததே இல்லை. அதன் பிறகு சேர்த்தார்கள். ஆனாலும் உள்ளூரில் சமமான ஆள் இருந்தால் கை அந்தப் பக்கம்தான் போகும். ஸ்பியர்ஸ் தேர்வானபோது ரேஞ்சர்ஸ் வீரர். அவர் உச்சத்துக்குப் போனது பிராட்ஃபோர்டில்.

நீங்கள் யானை என்று சொன்ன அந்த நியூகாசில் அணியின் கோல்கீப்பர் ஜிம்மி லாரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் கிளாஸ்கோக்காரர். அந்த கிளப்புக்காக அவரைவிட அதிக ஆட்டம் ஆடியவர் இன்றுவரை இல்லை. அவர் ஸ்காட்லாந்துக்காக எத்தனை ஆட்டம் ஆடினார்? ஒன்று! அவரையும் சுமாரான ஆள் என்பீர்களா?

பழங்கணக்கு

லாரன்ஸ் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். நல்ல அடி. மற்றதில் விடமாட்டேன்.

மழைமைதானம்

கோலைப் பற்றியே யாரும் பேசவில்லையே. நான் பேசிவிடுகிறேன்.

முதல் ஆட்டம் 1911 ஏப்ரல் 22, லண்டன் கிறிஸ்டல் பேலஸ். ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் முன்னால் 0-0. பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்த ஆட்டம். நியூகாசிலுக்கு அந்த மைதானம் ராசியே இல்லை. 1905, 1906, 1908 என்று மூன்று இறுதிப் போட்டியும் அங்கேதான் தோற்றார்கள். 1910-இல் அங்கே டிரா செய்து, லிவர்பூலில் நடந்த மறு ஆட்டத்தில்தான் கோப்பையை வென்றார்கள். ஆகவே இந்த முறையும் டிரா ஆனபோது அவர்கள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருந்தால் ஆச்சரியம் இல்லை.

மறு ஆட்டம் ஏப்ரல் 26, ஓல்ட் டிராஃபோர்டு. திறந்து ஓராண்டு சொச்சமே ஆன புது மைதானம். சுமார் 58,000 பேர். பதினைந்தாவது நிமிடத்தில் பந்து நியூகாசில் கோல் முகத்துக்கு உயர்ந்து வருகிறது. ஸ்பியர்ஸ் எழும்பித் தலையால் தள்ளுகிறார். அதே நேரத்தில் நடு முன்களக்காரர் ஃபிராங்க் ஓ’ரூர்க் லாரன்ஸை நோக்கிப் பாய்கிறார். லாரன்ஸின் கண் ஒரு கணம் ஓ’ரூர்க் மேல் போகிறது. அந்த ஒரு கணத்தில் பந்து அவசரமே இல்லாமல் உருண்டு வலைக்குள் போய்விடுகிறது. பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்த கோல் அல்ல. வாசல் திறந்திருக்கிறதே என்று கன்றுக்குட்டி நுழைந்ததுபோல் நுழைந்த கோல்.

மிச்சம் எழுபத்தைந்து நிமிடம் பிராட்ஃபோர்டு கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. அதில் பெரிய பங்கு நடுப் பாதுகாப்பில் நின்ற பாப் டாரன்ஸுடையது. முதல் ஆட்டத்தில் அவர் இல்லை; கில்டியாவுக்குப் பதிலாக மறு ஆட்டத்தில்தான் வந்தார். அன்றைய சிறந்த ஆட்டக்காரர் அவரே என்பதுதான் பெரும்பாலோர் கருத்து.

பழங்கணக்கு

கன்றுக்குட்டிக் கோல்! நான் சொன்னதைத்தான் நீங்களும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். டாரன்ஸ்தான் அன்று சிறந்தவர் என்பதையும் ஏற்கிறேன்.

இன்சைடு லெஃப்ட்

கன்றுக்குட்டி நுழைய யாராவது வாசலைத் திறக்க வேண்டும். அன்றைய ஆப்சைடு விதி என்ன தெரியுமா? முன்களக்காரருக்கும் எதிரணிக் கோல்கோட்டுக்கும் இடையில் எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும். 1925-இல்தான் அதை இரண்டாகக் குறைத்தார்கள். அந்த விதியை வைத்துக்கொண்டு எதிரணியைக் கண்ணியில் சிக்கவைப்பதையே கலையாக வளர்த்தவர் நியூகாசிலின் பில் மக்ராக்கன். விதியையே மாற்றியதற்கு அவருடைய தந்திரமும் ஒரு காரணம் என்பார்கள். அப்படிப்பட்டவர் எதிரே நின்ற அன்று, பந்து வரும் இடத்தில் சரியான நேரத்துக்குப் போய் நின்றார் ஸ்பியர்ஸ். ஸ்பியர்ஸ் ஆடிய இன்சைடு ரைட் (நடு முன்களக்காரருக்கு வலப்பக்க இடம்) என்பவர் கோல் மட்டும் அடிப்பவர் அல்ல. பின்களத்திலிருந்து பந்தை வாங்கி முன்களத்துக்குக் கொண்டு சேர்க்கும் பாலம் அவர். அந்த வேலையை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்காது.

சில்லறை

நடுவில் ஒரு துணுக்கு. ஸ்பியர்ஸ் கையில் வாங்கிய கோப்பை அதற்கு முன் யார் கையிலும் போகாதது. எஃப்.ஏ.வின் முதல் கோப்பை 1895-இல் பர்மிங்காமில் ஒரு கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து திருடு போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை. இரண்டாவதை 1911-இல் எஃப்.ஏ. தலைவர் கின்னேர்டு பிரபுவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். மூன்றாவதைச் செய்யும் வேலை ஃபட்டோரினி என்ற நகை வணிக நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்த நிறுவனம் எந்த ஊர்? பிராட்ஃபோர்டு!

ஊர்க்காரர் செய்த கோப்பையை ஊர் அணியே முதலில் தூக்கிக்கொண்டு வந்தது. இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். அதே கோப்பைதான் 1991 வரை புழக்கத்தில் இருந்தது. முதலில் வாங்கியவர் ஸ்பியர்ஸ், கடைசியில் வாங்கியது டாட்டன்ஹாம். பிராட்ஃபோர்டு சிட்டிக்கு அதற்கு முன்னும் பின்னும் இந்த அளவுப் பெரிய கோப்பை எதுவும் கிடைத்ததில்லை.

மழைமைதானம்

அந்த மறு ஆட்டத்தில் பிராட்ஃபோர்டுக்காக இறங்கிய பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கேம்பல், டெய்லர், டாரன்ஸ், மக்டொனால்டு, லோகன், ஸ்பியர்ஸ், ஓ’ரூர்க், டிவைன். மேலாளர் பீட்டர் ஓ’ரூர்க்கும் அங்கிருந்து வந்தவரே. யார்க்‌ஷயர் கம்பளி ஆலை ஊருக்கு முதல் கோப்பையை வென்று தந்தவர்கள் பெரும்பாலும் அசலூர்க்காரர்கள்.

நடுக்கோடு

பழங்கணக்கு எழுப்பிய ‘கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள்’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதுதான் நான் பேச விரும்பியதும்.

அன்று இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு 1901 முதல் உச்சவரம்பு உண்டு: 4 பவுண்டு. 1910-க்குப் பிறகு, நீண்ட நாள் ஆடியவர்களுக்குப் படிப்படியாக 5 வரை போகலாம் என்று தளர்த்தினார்கள். எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அதற்கு மேல் சட்டப்படி ஒரு காசு கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விடுவிக்காமல் வேறு கிளப்பில் ஆட முடியாது. ஆட்டக்காரர் கிளப்பின் சொத்து. அவர் எங்கே போவது, எப்போது போவது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் அவர் அல்ல.

இப்போது 1912 டிசம்பரைப் பாருங்கள். லீட்ஸ் சிட்டி அவருக்காக பிராட்ஃபோர்டுக்குக் கொடுத்தது 1,400 பவுண்டு. வாரம் 4 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 208. அதாவது அவருடைய ஆறேழு ஆண்டுச் சம்பளத்தை ஒரே காசோலையில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்தது. அதில் அவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியது கையெழுத்துப் பணம் 10 பவுண்டு. வேண்டாத ஆளைத் தள்ளிவிட்டார்கள் என்று நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கு அது நல்ல விலை வந்ததும் பசுவை விற்றதாகத்தான் தெரிகிறது. யாரும் வேண்டாத ஆளுக்கு, இரண்டாம் டிவிஷனில் கிடந்த லீட்ஸ் அவ்வளவு பணம் கொட்டியிருக்காது.

வாங்கியவர் யார் என்பதும் முக்கியம்: ஹெர்பர்ட் சாப்மன். பிற்பாடு ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சிக்குக் கொண்டுபோன அதே சாப்மன். ஆட்டக்காரரை எடைபோடுவதில் அவரைவிடத் தேர்ந்த கண் அந்தத் தலைமுறையில் இல்லை. அவர் ஸ்பியர்ஸைத் தன் அணிக்குக் கேப்டன் ஆக்கினார். 1913-14 பருவத்தில் லீட்ஸ் சிட்டி நான்காம் இடம். இரண்டே புள்ளியில் முதல் டிவிஷன் கைநழுவியது. லீட்ஸில் ஸ்பியர்ஸ் லீக் ஆட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட கோல் அடித்தார். அதில் ஒன்றைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

பழங்கணக்கு

சாப்மன் வாங்கினார் என்பது வலுவான சாட்சி. சரி, ‘சுமாரான ஆள்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ‘சுமாரான கோல்’ என்பதைப் பெறமாட்டேன்.

புதுவரவு

ஒரு சந்தேகம். லீட்ஸ் சிட்டியும் லீட்ஸ் யுனைடெடும் ஒன்றா?

சில்லறை

இல்லை. போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்தார்கள். 1919 அக்டோபரில் லீக் அவர்களை வெளியே தள்ளி கிளப்பையே மூடவைத்தது. ஆட்டக்காரர்களை லீட்ஸ் நகரின் மெட்ரோபோல் ஹோட்டலில் வைத்து ஏலம் விட்டார்கள். ஆமாம், ஏலம். நடுக்கோடு சொன்ன பசு உவமை மிகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அதன் பிறகு உருவானதுதான் லீட்ஸ் யுனைடெட். ஸ்பியர்ஸ் உயிரோடு திரும்பியிருந்தால் ஒருவேளை அந்த ஏலப் பட்டியலில் அவர் பெயரும் இருந்திருக்கும்.

கறாரானவன்

ராணுவப் பகுதியில் ஒரு பிழை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. இங்கேயும் வருவதற்கு முன் தடுத்துவிடுகிறேன். ‘மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்ததால் கட்டாய ராணுவ சேவையிலிருந்து அவருக்கு விலக்கு இருந்தது, ஆனாலும் போனார்’ என்று எழுதுகிறார்கள். அவர் கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தது 1915 மே. அப்போது பிரிட்டனில் கட்டாய சேவையே இல்லை. 1916 ஜனவரியில்தான் சட்டம் வந்தது, அதுவும் முதலில் மணமாகாதவர்களுக்கு. அதே ஆண்டு மே மாதம் மணமானவர்களையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, இல்லாத சட்டத்திலிருந்து யாரும் விலக்குப் பெற முடியாது. அவர் தானாகப் போனார் என்பது உண்மை. போகாமல் இருந்திருந்தாலும் ஓராண்டில் அழைப்பு வந்திருக்கும் என்பதும் உண்மை.

இன்சைடு லெஃப்ட்

தானாகப் போனார் என்பதிலும் ‘தானாக’ என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1914-15 பருவத்தை நடத்தியதற்காகவே கால்பந்தைப் பத்திரிகைகள் காறித் துப்பின. மைதானத்தில் ஓடும் திடகாத்திரமான இளைஞர்கள் ஏன் களத்தில் இல்லை என்று கேட்டார்கள். எடின்பரோவில் ஹார்ட்ஸ் அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தபோதே 1914 நவம்பரில் அதன் வீரர்கள் கூட்டமாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அந்தப் பருவத்தின் லீக் பட்டம் செல்டிக்குக்குப் போனது. 1915 வசந்தத்தில் இங்கிலாந்து லீக் நின்றுபோனதும் ஸ்பியர்ஸ் கிளாஸ்கோ திரும்பினார். சம்பளம் நின்றது, நண்பர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், தெருவில் கேள்வி கேட்டார்கள். தேசபக்தி இல்லை என்று சொல்லவில்லை. அது மட்டும்தான் என்று எழுதுவது சுவரொட்டி எழுதுவதாகும்.

கறாரானவன்

ஏற்கிறேன். ஆனால் சேர்ந்த பிறகு அவர் செய்ததைக் குறைக்க வேண்டாம். சாதாரணச் சிப்பாயாகப் போனவர் சார்ஜென்ட் ஆனார். 1917-இல் ஆராஸ் சண்டையில் காட்டிய துணிவுக்காக மிலிட்டரி மெடல் பெற்றார்; அதிகாரி அல்லாத சிப்பாய்களுக்கு வழங்கிய பதக்கம் அது. அதே ஆகஸ்டில் ஈப்ர் களத்தில், அதாவது பாஷண்டேல் போரில், இறந்தார். அந்தப் போரின் லாங்கமார்க் சண்டை 16 முதல் 18 வரை. அடுத்த பெருந்தாக்குதல் 22-ஆம் தேதி. அவர் இறந்தது நடுவில் 20 அன்று. அந்த நாளுக்கென்று போர் வரலாற்றில் ஒரு தலைப்புகூடக் கிடையாது.

டாரன்ஸும் 1918 ஏப்ரலில் கொல்லப்பட்டார். ஏழே ஆண்டுகளில், கோப்பை வென்ற பதினொருவரில் இரண்டு பேர் இல்லை.

வழிப்போக்கி

இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் அந்த இடத்துக்குப் போயிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

டோச்சி ஃபார்ம் கல்லறைத் தோட்டம் ஈப்ர் நகருக்கு வடகிழக்கே, சொன்னபேக்கிலிருந்து லாங்கமார்க் போகும் சாலையோரம் இருக்கிறது. சுற்றிலும் தட்டையான வயல். போர் முடிந்த பிறகு சுற்றுவட்டாரப் போர்க்களங்களில் கிடந்த உடல்களையும் சிதறிய புதைகுழிகளையும் ஒன்றுசேர்த்து அமைத்த தோட்டம். 1,400-க்கு மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அதில் 900-க்கு மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாது. நுழைவாயில் சுவரில் சின்னப் பித்தளைக் கதவு. திறந்தால் உள்ளே பெயர்ப் பதிவேடு. ஈரத்தில் ஓரங்கள் சுருண்டிருந்த அந்தப் பக்கங்களில் விரலை வைத்துத் தேடித்தான் வரிசை எண்ணைக் கண்டுபிடித்தேன்.

அவருடைய கல்லும் மற்றவற்றைப் போலவே வெள்ளைக் கல். சிப்பாய்க்கும் தளபதிக்கும் ஒரே உயரம், ஒரே அகலம் என்பது அங்கே விதி. மேலே முட்செடி வளையத்துக்குள் சிலுவையைப் பிடித்து நிற்கும் புனித ஆண்ட்ரூ. அது கேமரன் ஹைலேண்டர்ஸின் சின்னம். கீழே பெயர், பதவி, பதக்கத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து. கால்பந்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பிராட்ஃபோர்டின் கருஞ்சிவப்பு-மஞ்சள் கழுத்துத்துணி ஏதாவது கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அன்று எதுவும் இல்லை. புல்லைக் காலையில்தான் வெட்டியிருக்க வேண்டும், வாசனை இருந்தது. அடுத்தடுத்த வரிசைகளில் பெயர் இல்லாத கற்களைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, இவருக்குப் பெயராவது மிஞ்சியதே என்று தோன்றியது.

சில்லறை

வழிப்போக்கி அம்மா, நன்றி. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதையும் சேர்த்துவிடுகிறேன்: அவருடைய 1911 கோப்பைப் பதக்கம் 2003-இல் ஏலத்துக்கு வந்து 26,000 பவுண்டுக்கு மேல் போனது.

பழங்கணக்கு

பணத்தின் மதிப்பு மாறிவிட்டது, 1911 பவுண்டும் 2003 பவுண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லாமல் விடுகிறேன்.

நடுக்கோடு ஐயா, நான்காவது பத்திக்குச் சரக்கு இருக்கிறது. எழுதுங்கள். லீட்ஸ் ஆண்டுகளை விரிவாக எழுதுங்கள்; அதுதான் எனக்கும் தெரியாத பகுதி.

நடுக்கோடு

எழுதுகிறேன், ஒரு வாரம் கொடுங்கள். அதற்குள் பாப் டாரன்ஸுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், எல்லோரும் வாருங்கள். அன்று சிறந்த ஆட்டக்காரர் டாரன்ஸ்தான் என்று பழங்கணக்கு தம் கையால் எழுதியதை அங்கே முதல் வரியாகப் போட்டிருக்கிறேன்.